ஒரே சிரங்கு, ஆளுக்கொரு மருந்து

சிரங்குக்கு எந்த மருந்து நல்லது என்று யாராவது கேட்டால், "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்றுதான் இப்போதெல்லாம் திருப்பிக் கேட்கிறேன். கைக்குழந்தை உண்டா, பால் கொடுக்கிறவர் உண்டா, சர்க்கரை உள்ள பெரியவர் உண்டா, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை உண்டா? சோழவந்தான் பக்கம் இருக்கும் எங்கள் கூட்டுக் குடும்பத்தில் இந்த எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். அதனால் இந்த நோய்க்கு வழக்கத்தில் உள்ள மருந்துகளில் பெரும்பாலானவற்றை ஒரே கூரைக்குக் கீழே பார்த்துவிட்டேன். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். டாக்டர் சொன்னதோடு விடாமல் கொஞ்சம் தேடிப் படித்தும் பார்த்தேன்.

நோய் வந்த வழி சாதாரணமானது. மகன் மதுரையில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது விரல் இடுக்கில் பொடிப் பொடியாகக் கொப்புளம். பகலெல்லாம் சும்மா இருப்பான், ராத்திரி படுத்ததும் சொறிய ஆரம்பிப்பான். "விடுதிச் சாப்பாடு, உடம்புச் சூடு. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துத்தா, தானா அடங்கும்" என்றார் அத்தை. என் கணவர் வரும் வழியில் ஒரு மருந்துக்கடையில் சொல்லிக் க்ரீம் வாங்கி வந்தார். படர்தாமரை, அரிப்பு, புண் எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடுக்கிற க்ரீம் அது. பூசிய மறுநாளே அரிப்பு பாதியாகக் குறைந்தது. பையன் சந்தோஷமாக அதையும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனான்.

அடுத்த முறை வந்தபோது கொப்புளம் வயிறு, தொடை, அக்குள் என்று இறங்கியிருந்தது. மாசி பிறந்து சிவராத்திரி வருவதற்குள் நான், மாமா, அத்தை, ஓரகத்தி, அவளுடைய மூத்த பெண் என்று ஆளுக்கொரு மூலையில் சொறிந்துகொண்டிருந்தோம். ஓரகத்திக்கு இரண்டாவது பிரசவம் என்பதால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒன்றரை மாதக் கைக்குழந்தையின் உள்ளங்காலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் பயம் வந்தது. மதுரைக்கு வண்டி பிடித்துத் தோல் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் மகனின் மணிக்கட்டில் ஒரு மெல்லிய கோட்டைத் தேடிப் பிடித்தார். டெர்மாஸ்கோப் என்ற கைக் கருவியை அதன் மேல் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். கோட்டின் நுனியில் பழுப்பாக ஒரு சின்ன முக்கோணம். அதுதான் சிரங்கை உண்டாக்கும் பூச்சியின் தலைப்பக்கம் என்றார். பிறகு, "என்ன க்ரீம் போட்டீங்க?" என்று கேட்டார். ட்யூபைக் காட்டினேன். வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது. அரிப்பு இல்லையே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது அது பாட்டுக்குப் பெருகும். புள்ளிகளின் உருவமும் மாறிவிடுவதால் பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட க்ரீமை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுப்பதை என்றைக்கு நிறுத்துவார்களோ.

மருந்துகளுக்குப் போகும் முன் பூச்சியைப் பற்றி ரெண்டு வார்த்தை. இது தெரிந்தால்தான் ஏன் இரண்டு தடவை மருந்து, ஏன் வீட்டோடு எல்லாருக்கும் மருந்து என்பது விளங்கும். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மேல்தோலுக்குள் சுரங்கம் போட்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வைக்கும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். இத்தனை அரிப்புக்கும் சாதாரணமாக ஒரு ஆளின் உடம்பில் இருப்பது 10, 15 பூச்சிகள்தான். பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் உடம்பு காட்டுகிற ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை தொற்றியவருக்கு அந்த ஒவ்வாமை கிளம்பவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பொங்கலுக்கு வந்தது மாசியில் தெரிந்தது அதனால்தான். அதுவரை அவர் ஒரு புள்ளிகூட இல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு முறை வந்து போனவருக்கு மறுபடி தொற்றினால் சில நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இதை ஏற்றுக்கொள்ளாதவர் என் கணவர். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, நான் எதுக்குப் பூசணும்?" என்று கடைசி வரை கேட்டார். ஒன்றும் இல்லாதவரை விட்டுவிட்டு மற்றவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், எல்லாருக்கும் குணமான நேரத்தில் அவருக்கு ஆரம்பிக்கும். அப்புறம் அவரிடமிருந்து மறுபடி எல்லாருக்கும். ஒட்டுவாரொட்டி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

டாக்டரம்மா எங்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுதியது 5 சதவீதப் பெர்மெத்ரின் க்ரீம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையிலிருந்து கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் வரை கொடுக்கலாம் என்பதால் பல நாடுகளில் இதுதான் முதல் மருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்கிச் செயலிழக்கச் செய்யும். நம் தோல் வழியாக மிகக் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். ராத்திரி பூசி, எட்டு முதல் பதினாலு மணி நேரம் விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

கேட்க எளிதாக இருக்கும். பூசுவதில்தான் எல்லாமே இருக்கிறது. அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவது பிரயோஜனம் இல்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடக்கூடாது. காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு, நக அடி, தொப்புள், அக்குள், மார்புக்கு அடி, பிட்ட இடுக்கு, பிறப்புறுப்பு, கால் விரல் இடுக்கு எல்லாமே கணக்கு. முதுகுக்கு இன்னொரு ஆள் வேண்டும். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக்கூடாது, உடம்பு நன்றாக உலர்ந்து குளிர்ந்த பிறகுதான் பூச வேண்டும். பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 கிராம் தேவைப்படும். 30 கிராம் ட்யூப் ஒன்றை வாங்கி நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் முழுதாகப் போய்ச் சேராது. பெர்மெத்ரின் போட்டும் கேட்கவில்லை என்று சொல்கிறவர்களை விசாரித்தால் பாதிப் பேர் இப்படிப் பங்கு போட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

எந்த மருந்துச் சீட்டிலும் எழுதாத ஒன்று, நம் உடம்பில் கட்டியிருக்கும் கயிறுகள். அரைஞாண் கயிறு, கோயில் காப்புக் கயிறு, தாலிக்கயிறு, அதோடு வளையல், மோதிரம், மெட்டி. இவற்றுக்கு அடியில்தான் மருந்து படாமல் போகும். கொழுந்தனார் பெண்ணுக்கு இடுப்பில் கயிறு இருந்த இடத்தைச் சுற்றியே வரிசையாகக் கொப்புளம். கறுப்புக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினோம். நானும் ஓரகத்தியும் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டோம். அத்தை நல்ல நாள் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை பொறுத்து மாற்றினோம், சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் மருந்து பூசினோம்.

இன்னொன்று பெண்களுக்கு. பூசிய பிறகு கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். நடுராத்திரி குழந்தைக்குத் துணி மாற்றுகிறவள் யார், விடிந்ததும் அடுப்படிக்குப் போகிறவள் யார்? பூச்சி அதிகம் குடியிருக்கும் இடமே கை. அந்தக் கையில்தான் எங்களுக்கு மருந்து நிற்காது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துப் பாத்திரத்தை ஆண்களைக் கழுவச் சொன்னோம். காலையில் கடை இட்லி. எங்கள் வீட்டில் இதற்கு நடந்த விவாதம் மருந்தைப் பற்றி நடந்ததைவிடப் பெரியது. ஓரகத்தி பால் கொடுக்கும் முன் மார்பில் இருக்கும் மருந்தைத் துடைத்துக் கழுவிவிட்டுக் கொடுப்பாள், கொடுத்த பிறகு மறுபடி பூசிக்கொள்வாள்.

கைக்குழந்தைக்குப் பெர்மெத்ரின் வேண்டாம் என்று, கந்தகம் கலந்த களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. வாசலினில் 5 முதல் 10 சதவீதம் வரை கந்தகம் சேர்த்துக் கலக்குவார்கள், பச்சிளங்குழந்தைக்குக் குறைந்த அளவு. மூன்று ராத்திரி தொடர்ந்து பூச வேண்டும். சிரங்குக்கு மனிதன் கண்டுபிடித்த மருந்துகளிலேயே மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும். பச்சிளங்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானது. விலையும் சொற்பம். குறை என்றால் நாற்றமும் பிசுபிசுப்பும்தான். தொட்டில் துணியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. குழந்தைக்குத் தலை, நெற்றி, காதோரமும் பூச வேண்டும், கண்ணையும் வாயையும் மட்டும் தவிர்க்க வேண்டும். கையை வாயில் வைக்காமல் இருக்கத் துணி உறை மாட்டிவிட்டோம். மூன்று ராத்திரியும் ஓரகத்தி தூங்கவில்லை. ஆனால் குழந்தைக்குத் தோல் சிவக்கவும் இல்லை, எரியவும் இல்லை. பழைய மருந்து என்று நான் இளக்காரமாக நினைத்திருந்த இது, எங்கள் வீட்டில் எந்தத் தொந்தரவும் தராத மருந்தாக இருந்தது.

மாமா எங்களோடு வர மறுத்துவிட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெள்ளை லோஷன் வாங்கி வைத்திருந்தார். 25 சதவீத பென்சைல் பென்சோயேட். நல்ல மருந்துதான், பல காலமாக இருக்கிறது, ஐரோப்பாவில் பெர்மெத்ரின் சரியாகக் கேட்கவில்லை என்ற பேச்சு கிளம்பிய பிறகு சில நாடுகளில் மறுபடி இதன் பக்கம் திரும்புகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் பூச வேண்டும். குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் பட்டால் தீயாக எரியும். மாமா கொடிக்காலில் வெற்றிலைக் கொடி கட்டுகிறவர், கையெல்லாம் கீறல். பூசிய நாலாவது நிமிடம் முற்றத்துத் தொட்டியில் இறங்கிவிட்டார். "நான் அரிப்போடயே சாகுறேன், இது வேணாம்" என்றார். பாட்டில் அப்படியே பரணில் போனது. காகிதத்தில் ஒரு மருந்து எவ்வளவு பூச்சியைக் கொல்லும் என்பது ஒரு கணக்கு. எரிச்சலைத் தாங்கி அந்த ஆள் மூன்று நாளும் பூசுவாரா என்பது வேறு கணக்கு.

ஆகவே மாமாவுக்கு மாத்திரை. ஐவர்மெக்டின். பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "இது நம்ம ஆட்டுக்கு டாக்டர் போடுற ஊசியில்ல?" உண்மைதான். 1981-ல் இது கால்நடை மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. ஜப்பானில் சதோஷி ஒமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கியது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் இந்த மாத்திரைக்காகக் கடை கடையாக அலைந்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். அந்த நோய்க்கு இது பயன்படவில்லை என்பது பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. இந்தப் பூச்சிக்கு நிச்சயம் பயன்படுகிறது. அதற்காக ஆட்டு மருந்தை எடுத்து மனிதர் உபயோகிக்கவே கூடாது. அதன் வீரியமும் கலவையும் வேறு. மாமா அதைக் கேட்டு ஏமாற்றத்தோடு தலையாட்டியதைப் பார்த்தால், வீட்டில் மிச்சம் இருந்ததோ என்னவோ.

மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். சிரங்குக்குச் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள், உடம்பில் நன்றாகச் சேரும். ஓடித் திரிகிற பூச்சியை முடக்கிவிடும், முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை பொரிய மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குள் மருந்து உடம்பிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால்தான் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது வேளை. அரிப்பு குறைந்துவிட்டது என்று இந்த இரண்டாவது வேளையை விடுகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள் என்றார் டாக்டரம்மா. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பொதுவாகப் பால் கொடுப்பவருக்கும் மாத்திரையைத் தவிர்ப்பார்கள். கொழுந்தனார் பெண் 14 கிலோ. அதனால் அவளுக்கு க்ரீம் மட்டும். மகனுக்கு க்ரீம், மாத்திரை இரண்டும்.

சரி, இரண்டில் எது உசத்தி? தேடியதில் மூன்று கணக்குகள் என் மனதில் நின்றன. 2000-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 85 பேருக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தடவை பூசிய பெர்மெத்ரினில் 97.8 சதவீதம் பேர் குணம். ஒரு வேளை ஐவர்மெக்டினில் 70 சதவீதம்தான், இரண்டாவது வேளை கொடுத்ததும் 95 ஆனது. 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அலசல், ஒரு வாரத்தில் க்ரீமுக்குச் சுமார் 65 சதவீதம், மாத்திரைக்கு 43 சதவீதம் என்று சொல்கிறது. இரண்டாவது வாரத்தில் 74-க்கு 68 என்று நெருங்கி, ஒரு மாதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, க்ரீம் சீக்கிரம் கேட்கும். மாத்திரை இரண்டு வேளையில் அதை எட்டிப் பிடிக்கும்.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஃபிஜித் தீவுகளில் நடந்த சோதனை, 2015-ல் வெளிவந்தது. ஒரு பகுதியில் நோய் வந்தவருக்கும் அவரோடு இருப்பவருக்கும் மட்டும் வழக்கமான வைத்தியம். இன்னொன்றில் ஊரோடு எல்லாருக்கும் பெர்மெத்ரின். மூன்றாவதில் ஊரோடு ஐவர்மெக்டின். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சிரங்கு முறையே 49, 62, 94 சதவீதம் குறைந்திருந்தது. தனி ஆளிடம் சோதித்தபோது பின்தங்கிய மாத்திரை, ஊரில் கொடுத்தபோது ஏன் இவ்வளவு முந்தியது? என் கணிப்பு, எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கும். மாத்திரையைக் கண் முன்னால் விழுங்க வைத்துவிடலாம். க்ரீமைக் கொடுத்தனுப்பினால் நக அடியில் பூசினாரா, முதுகுக்கு ஆள் இருந்ததா என்று யார் பார்ப்பது?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழைய சீட்டைக் கொண்டு வந்து காட்டினார். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு லோஷன், லிண்டேன் என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இதுதான் எல்லாருக்கும். தோல் வழியாக உள்ளே போய் நரம்பைப் பாதிக்கலாம், வலிப்புகூட வரலாம். குழந்தைகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 2003-லேயே கடுமையான எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். இதைவிடப் பாதுகாப்பான மருந்து நாலு இருக்கும்போது இது எதற்கு? சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னேன்.

கை வைத்தியத்தைச் சொல்லாவிட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். குப்பைமேனி இலையோடு மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 பேருக்குப் பார்த்த ஒரு முன்னோட்ட ஆய்வு 1992-ல் வந்திருக்கிறது. 3 முதல் 15 நாளில் 97 சதவீதம் பேருக்குக் குணம் என்கிறார்கள். ஒப்பிட வேறு மருந்து இல்லாமல் செய்ததை வைத்து க்ரீமை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அத்தைக்கு நான் சொன்னது ஒன்றுதான். புண் உடைந்து சீழ் வைத்த இடத்தில் எந்த விழுதும் வேண்டாம்.

அந்தச் சீழ் சாதாரண விஷயம் இல்லை. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறினால், சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். குழந்தைகளுக்கு முகமும் கண் இமையும் வீங்குவது, சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போவது அதன் அறிகுறி. கொழுந்தனார் பெண்ணின் கையில் சீழ்க் கொப்புளம் இருந்ததால் டாக்டரம்மா முதலில் கேட்டதே இதைத்தான். சிறுநீர் சோதனையும் எழுதினார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. அவளுக்கும் சர்க்கரை உள்ள அத்தைக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அத்தைக்குச் செதில் செதிலாகத் தடித்த தோல் எங்காவது இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் அந்த வகைச் சிரங்கில் பூச்சி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும், அரிப்பு குறைவாகவே இருக்கலாம். அதற்கு வைத்தியமே தனி.

துணி விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்து பூசிய மறுநாள் காலை, கடந்த சில நாள் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் முக்கித் துவைத்து வெயிலில் போட்டோம். மாசி வெயிலே எங்கள் ஊரில் போதுமானது. துவைக்க முடியாத கம்பளி, பட்டுச்சேலை, பள்ளிப் பையெல்லாம் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி நாலைந்து நாள் ஒதுக்கினோம். வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்க வேண்டியதில்லை. தெருநாயை விரட்ட வேண்டியதும் இல்லை. நாய்ச் சொறியின் பூச்சி மனித உடம்பில் குடும்பம் நடத்தாது.

ரொம்பப் பேர் தடுமாறுவது மருந்து முடிந்த பிறகு. பூச்சி செத்தாலும் அரிப்பு இரண்டு முதல் நாலு வாரம் வரை நிற்கலாம். செத்த பூச்சியும் முட்டையும் தோலுக்குள்தான் கிடக்கும், தோல் உதிரும்போதுதான் போகும். எனக்கே அந்த நாட்களில் இன்னொரு ட்யூபை எடுத்துப் பூசிவிடலாமா என்று கை பரபரத்தது. டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். தினமும் பூசினால் மருந்தே தோலை வறட்டி அரிப்பை உண்டாக்கும். ராத்திரிக்கு அரிப்பை அடக்கும் செட்டிரிசின் மாத்திரை, பகலில் கலமைன் லோஷன், குளித்ததும் தேங்காய் எண்ணெய். ஒரு மாதம் தாண்டியும் புதிது புதிதாகக் கொப்புளம் வந்தால் மட்டும் மறுபடி வரச் சொன்னார். மகனுக்குத் தொடை இடுக்கில் பழுப்பு நிறத்தில் முண்டு முண்டாக நின்றது, மாதக்கணக்கில் இருந்து மெதுவாகத்தான் அமுங்கியது. அதுவும் ஒவ்வாமையின் மிச்சம்தான்.

விடுதிதான் கடைசித் தலைவலி. வீட்டில் இத்தனை பாடுபட்டு மகனை அதே அறைக்கு அனுப்பினால் என்ன லாபம்? பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். "எங்க விடுதில அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க மேடம்" என்றார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், பெயர் எதுவும் போடாமல், ராத்திரியில் அரிப்பு இருக்கிற பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து விழுந்தன. பாதி வீட்டில் அதே கலவை க்ரீம். அதைக் காட்டிய பிறகு ஒரு டாக்டரை வரவழைக்கச் சம்மதித்தார்கள்.

பதினாறு வயதுப் பையன்கள் ஒருவருக்கொருவர் முதுகில் க்ரீம் பூசிக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை, டாக்டரும் நம்பவில்லை. எடை பார்த்து, வேறு நோய், வேறு மாத்திரை உண்டா என்று கேட்டு, பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, அந்தத் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும், அரிப்பு இல்லாதவர்களுக்கும் சேர்த்து, ஒரே நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐவர்மெக்டின். மறுநாள் போர்வையெல்லாம் சலவைக்கு. இரண்டாவது வேளை போட வேண்டிய நாள் விடுமுறையில் வந்தது, பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மாத்திரையை உறையில் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். அன்று சாயங்காலம் குழுவில் நினைவூட்டல் போட்டேன். ராத்திரி வரை பதில் சொல்லாத வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் அடித்தேன்.